காப்புப் பைகளை மறுபடியும் பயன்படுத்துவது: ரகம் கலக்காமல் விதை எடுக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைக்கென்று விட்ட பூவில் வேறு ரகத்தின் மகரந்தம் விழாமல் இருக்க, பூவை மூடிக் கட்டும் சிறு பைகளைத்தான் இங்கே காப்புப் பை என்கிறோம். ஒரு ரகத்துக்குப் போட்டுக் கழற்றிய பையை அடுத்த ரகத்துக்குப் போடலாமா என்பது பலருக்கும் உள்ள சந்தேகம். தாராளமாகப் போடலாம். எதைப் பார்த்துப் போட வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எந்தெந்தப் பைகளை மறுபடி பயன்படுத்தலாம்?

ஆர்கன்சா (நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையில் நெய்த, வலைபோல மெல்லிய துணி) பை, மஸ்லின் போன்ற மெல்லிய பருத்தித் துணியில் தைத்த பை, செடிகளுக்குப் போர்வையாகப் போடும் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணியில் தைத்த பை. இந்த மூன்றையும் பல முறை பயன்படுத்தலாம். காகிதப் பை தனிக் கதை, கீழே சொல்கிறேன்.

பழைய பையில் ஒட்டியிருக்கும் மகரந்தம் புது ரகத்தைக் கெடுத்துவிடாதா?

எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் மகரந்தம் உயிருள்ள பொருள். பூவை விட்டு வந்த நிமிடத்திலிருந்து அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். மக்காச்சோள மகரந்தம் சுள்ளென்ற வெயிலில் ஓரிரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. பூசணி மகரந்தம் விடியற்காலையில் வீரியமாக இருக்கும், மாலைக்குள் பெரும்பகுதி செயலிழந்துவிடும். தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் மகரந்தம் கொஞ்சம் கெட்டி. சாதாரண அறை வெப்பத்தில் சில நாள் வரை தாங்கும். ஆக, போன பருவம் கழற்றி அலமாரியில் போட்ட பையை நீங்கள் கழுவவே இல்லை என்றாலும் அதில் வேலை செய்யக்கூடிய மகரந்தம் இருக்க வாய்ப்பில்லை.

அப்புறம் தண்ணீர். பெரும்பாலான செடிகளின் மகரந்தத் துகளுக்குத் தண்ணீர் ஆகாது. நனைந்ததும் நீரை மளமளவென்று உறிஞ்சி வெடித்துவிடும், வெடிக்காததும் வீரியம் இழக்கும். அதனால் பையை ஒருமுறை நன்றாக அலசிக் காயவைத்தாலே மகரந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மிச்சம் இருக்கும் ஆபத்து ஒன்றுதான்: இன்று காலை ஒரு மிளகாய் ரகத்திலிருந்து கழற்றிய பையை, இன்றோ நாளையோ இன்னொரு மிளகாய் ரகத்தில் அப்படியே மாட்டுவது. அதை மட்டும் செய்யக் கூடாது.

பழைய பையில் நாள்பட்டாலும் சாகாதவை வேறு இரண்டு உண்டு: தையல் இடுக்கில் சிக்கிய விதை, துணியில் விழுந்த ஓட்டை. கெட்டுப்போன விதைகளுக்குக் காரணம் தேடினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

எப்போது கழுவாமல் மாற்றலாம், எப்போது கட்டாயம் கழுவ வேண்டும்?

ஒரே செடியின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு என்றால் கழுவ வேண்டாம். உதறிவிட்டு மாட்டுங்கள். அதே ரகத்தின் வேறு செடிக்கு என்றாலும் கலப்புப் பயம் இல்லை. நோய் ஒன்று பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரே இனத்தில் வேறு ரகம் என்றால் கழுவியே ஆக வேண்டும். தக்காளிப் பையை வெண்டைக்குப் போடுவதுபோல முற்றிலும் வேறு பயிருக்கு என்றால் மகரந்தம் ஒரு பொருட்டே அல்ல. பூச்சியும் நோயும் ஒட்டி வராமல் இருக்கக் கழுவினால் நல்லது.

வேறு பயிர் என்று நாம் நினைப்பது செடிக்கு வேறாக இருக்க வேண்டும் என்பதில்லை. காந்தாரி மிளகாயும் குடைமிளகாயும் தனித்தனி இனங்கள், ஆனாலும் கலக்கக்கூடியவை. பீர்க்கும் நுரைப்பீர்க்கும் அப்படியே. மாறாக, வெள்ளரியும் முலாம்பழமும் பார்வைக்கு நெருங்கிய உறவு போலத் தெரிந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஒரே நாளில் இரண்டு ரகத்துக்கும் பை வேண்டும், கழுவிக் காயவைக்க நேரமில்லை. என்ன செய்வது?

ரகத்துக்கு ஒரு செட் பை வைத்துக்கொள்வதுதான் சுலபமான வழி. ஒவ்வொரு செட்டுக்கும் வாய்நாடாவை வேறு நிறத்தில் கோத்துவிடுங்கள். சிவப்பு நாடா ஒரு ரகத்துக்கு, நீலம் இன்னொன்றுக்கு. பருவம் முழுக்க நிறம் மாறாமல் பார்த்துக்கொண்டால் நடுவில் கழுவும் வேலையே இல்லை. பருவம் முடிந்ததும் மொத்தமாகக் கழுவி, அடுத்த முறை எந்த ரகத்துக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆர்கன்சா பை அரை மணி வெயிலில் காய்ந்துவிடும் என்பதால், அவசரத்துக்கு அலசிப் போடுவதும் ஒன்றும் பெரிய காரியமில்லை.

பையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே திரும்பிவிடுகிறது. பரவாயில்லையா?

பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் கவனிக்க வேண்டியது. பை கட்டிய நாட்களில் தேனீக்கள் உள்ளே போக முடியாமல் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்து, நடந்து, பூவைத் தேடியிருக்கும். அவற்றின் காலில் இருந்த மகரந்தம் துணியின் வெளிப்பக்கத்தில் இருக்கும். பையை உரித்தெடுக்கும்போது அது புரண்டால் அந்தப் பக்கம்தான் அடுத்த பூவுக்கு உள்பக்கம். தையல் தெரியும் பக்கம் எப்போதும் வெளியே இருக்கட்டும் என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தையல் வெளியே இருந்தால் விதையும் சருகும் இடுக்கில் தங்குவதும் குறையும்.

சரியாகக் கழுவுவது எப்படி?

முதலில் பூத்து நிற்கும் செடிகளை விட்டுத் தள்ளிப் போய் உதறுங்கள். பிறகு பையைப் புரட்டி, தையல் ஓரத்தை விரல் நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீவிக்கொண்டே போங்கள். கீரை விதை, மிளகாய் விதை, காய்ந்த இதழ் எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும். கீரை விதை ஊசிமுனை அளவுதான். தையல் நூலுக்கு அடியில் போய்விட்டால் சோப்பு நீரில்கூட வெளியே வராது. கீரைக்குப் போட்ட பையைக் கீரைக்கு மட்டுமே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அதன் பின் சோப்புத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும். ஆர்கன்சாவை முறுக்கிப் பிழிந்தால் இழைகள் விலகிச் சந்து விழும். நன்றாகக் காயும்வரை வெயிலில் போடுங்கள், ஆனால் நாள்கணக்கில் வெயிலிலேயே கிடக்க விடாதீர்கள். நைலானும் பாலிப்ரொப்பிலீனும் வெயிலில் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

கொதிநீர், பிளீச் எல்லாம் தேவையா?

மகரந்தத்துக்குத் தேவையே இல்லை. நோய்க்குத் தேவைப்படலாம். வீட்டு உபயோகத்துக்கு வரும் திரவ பிளீச்சை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசலாம். பாலியெஸ்டர் தாங்கும், நைலான் சீக்கிரம் நைந்துபோகும். பருத்திப் பையைக் கொதிக்கவே வைக்கலாம். ஆர்கன்சாவைக் கொதிக்க வைத்தால் சுருண்டு, வாய் கோணிவிடும்.

தேமல் நோய் கண்ட தக்காளி, மிளகாய்ச் செடியில் இருந்த பையை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம். புகையிலைத் தேமல் வைரஸ் தொட்டாலே பரவும். காய்ந்த சருகிலும் துணியிலும் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். ஒரு பைக்காகத் தோட்டத்தையே பணயம் வைப்பானேன்? தூக்கிப் போடுங்கள்.

ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பையை விரித்துப் பிடித்தால் கிழிசல் தெரியும். ஆனால் பெரும்பாலும் ஓட்டை விழுவது துணியின் நடுவில் அல்ல. தையல் முடியும் இரண்டு மூலைகளிலும், நாடா வெளியே வரும் இடத்திலும்தான். அங்கே துணி மடிந்து தடிமனாக இருப்பதால் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

அதற்குக் கடுகைப் பயன்படுத்தலாம். பைக்குள் ஒரு ஸ்பூன் கடுகு போட்டு, வாயைச் செடியில் கட்டுவது போலவே ஒரு பென்சிலைச் சுற்றி இறுக்கிக் கட்டி, வெள்ளைத் தாளுக்கு மேலே தலைகீழாகவும் பக்கவாட்டிலும் குலுக்குங்கள். தாளில் ஒரு கடுகு விழுந்தாலும் சின்ன ஜாதித் தேனீயும் எறும்பும் அந்த வழியாக நுழையும் என்று அர்த்தம். மூலையில் விழுந்தால் இரண்டு தையல் போட்டால் சரியாகும். பென்சிலை ஒட்டி விழுந்தால் பையில் குறையில்லை, கட்டும் விதத்தில்தான் குறை. காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்து அதன் மேல் நாடாவை இறுக்குங்கள். பஞ்சு சந்தை அடைக்கும், காம்பும் நசுங்காது. சோதனை முடிந்ததும் கடுகை எண்ணிப் பார்க்காவிட்டாலும் பையைப் புரட்டி உதறிவிடுங்கள்.

இலைப்பேன் இதையெல்லாம் தாண்டி நுழையக்கூடியது. அதன் மூலம் நடக்கும் மகரந்தச் சேர்க்கை சொற்பம்தான். அதற்குப் பயந்து கெட்டித் துணி போட்டால் உள்ளே வெப்பம் ஏறிப் பூ கொட்டும்.

பை முழுசாகத்தான் இருந்தது, ஒழுங்காகக் கழுவியும் இருந்தேன். ஆனாலும் ரகம் கலந்துவிட்டது. ஏன்?

அநேகமாகப் பை கட்டிய நேரம் தப்பு. கட்டும்போதே கொத்தில் ஒரு பூ விரிந்திருந்தால், தேனீ ஏற்கெனவே வந்து போயிருக்கும். விரிந்த பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு மொட்டுகளை மட்டும் உள்ளே விட வேண்டும். வெண்டையில் நாளைக் காலை விரியப் போகும் மொட்டு முந்தின நாள் மாலையே உப்பி, நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதுதான் நேரம். வெண்டைக்குப் பைகூடத் தேவையில்லை. அந்த நுனியை ஒரு நூலால் சுற்றிக் கட்டினால் பூ விரியாமலே தன் மகரந்தத்தில் காய் பிடித்துவிடும்.

இன்னொரு காரணம், பூ பையோடு ஒட்டிக்கொள்வது. சூலகமுடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகத்தின் நுனி, வலையில் உரசினால் வெளியே உட்காரும் தேனீ அங்கிருந்தே மகரந்தத்தை அப்பிவிடும். மழையில் நனைந்த ஆர்கன்சா இப்படித்தான் பூவின் மேல் ஒட்டும். பெரிய பையாகப் போடுங்கள். காற்றில் சரியாதபடி ஒரு குச்சியில் கட்டுங்கள்.

மூன்றாவது காரணம் அடையாளம். பையைக் கழற்றிய பின் எந்தக் காய் பைக்குள் பிடித்தது, எது வெளியே பிடித்தது என்று தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் பையை எப்போது கழற்றலாம்? பழுக்கும்வரை விட வேண்டாமா?

வேண்டாம். கருவுற்று முடிந்த காய்க்குள் புது மகரந்தம் எதுவும் செய்ய முடியாது. இதழ் உதிர்ந்து, பிஞ்சு மிளகளவு தெரிந்ததும் கழற்றி, அந்தக் காம்பில் நிற நூல் கட்டுங்கள். அதே கொத்தில் இன்னும் விரியாத மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். பையை உடனே அதே செடியின் அடுத்த கிளைக்கு மாற்றலாம். இந்த முறையில் ஒரு பருவத்திலேயே ஒரே பை பல தடவை வேலை செய்யும். நூல் வெயிலில் வெளுத்தால் இரண்டு ரகத்து நிறமும் ஒன்றாகிவிடும் என்பதால் சாயம் போகாத கம்பளி நூலோ, மெல்லிய நிறக் கம்பியோ நல்லது.

பையைவிடக் கையில்தானே அதிக மகரந்தம் இருக்கும்?

ஆமாம், நியாயமான கேள்வி. கத்தரிப் பூவை நாலு தடவை தொட்டால் விரல் நுனி மஞ்சளாகிவிடும். பையைக் கழுவிவிட்டு அந்தக் கையாலேயே மாட்டினால் என்ன பயன்? ரகம் மாறும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அல்லது 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். கத்தரிக்கோல், தூரிகைக்கும் இதுதான். முடிந்தால் பூ விரியும் முன்பே, அதிகாலையில் ஒரே ரகத்தை முடித்துவிடுங்கள். அடுத்த ரகத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பைக்குள் பூ பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. பையில் கோளாறா?

தக்காளி, கத்தரியில் மகரந்தம் கொட்ட ஒரு அதிர்வு வேண்டும். வெளியே காற்றும் வண்டுத்தேனீயும் அந்த வேலையைச் செய்கின்றன. பை கட்டியதும் அது நின்றுவிடுகிறது. காலை 9, 10 மணிவாக்கில் பைக்கு வெளியே கிளையை விரலால் சுண்டிவிடுங்கள், தினமும். மிளகாய்க்கும் இது உதவும். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தக்காளிக்குப் பை கட்டிப் பயனில்லை; பை இல்லாமலே பூ கொட்டும்.

மக்காச்சோளம், கம்பு, கீரைக்கு ஆர்கன்சா போதுமா?

போதாது. இவை காற்றில் மகரந்தம் பரப்புபவை. ஆர்கன்சாவின் கண் தேனீயைத் தடுக்கும். மகரந்தத் துகள் அதைவிடப் பல மடங்கு சிறியது. இங்கேதான் காகிதப் பை வருகிறது. கம்பில் கதிர் உறையை விட்டு வெளியே வந்ததுமே, சூலகமுடி தலைகாட்டும் முன் மாட்ட வேண்டும், ஏனென்றால் அதில் பெண் பாகம்தான் முந்திக்கொண்டு வரும்.

காகிதப் பையை மறுபடி பயன்படுத்த வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். கழுவ முடியாது. அதோடு, மக்காச்சோளத்தின் ஆண் பூங்கதிரில் மாட்டிய பை மகரந்தத்தைச் சேகரிக்கவே போட்டது. உள்ளே மஞ்சள் தூள் குவிந்திருக்கும். அதே காலையில் அடுத்த ரகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போவது கலப்பு செய்யவே கிளம்பியது மாதிரி.

முள்ளங்கி, முட்டைக்கோசுக்கு ஒரு செடிக்கு ஒரு பை கட்டினால் விதை வருமா?

வராது, அல்லது நாலைந்துதான் வரும். இவை தன் மகரந்தத்தை ஏற்காத பயிர்கள். பல செடிகளைச் சேர்த்து வலைக்கூண்டுக்குள் விட வேண்டும். இரண்டு ரகம் இருந்தால் இரண்டு கூண்டு. இன்று ஒன்றைத் திறந்து தேனீயை விட்டு, மாலையில் மூடி, நாளை மற்றதைத் திறக்கலாம்.

பூசணி, சுரை, பீர்க்குக்கு?

ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் பை காவலுக்கு மட்டும்தான், சேர்க்கையை நீங்கள் கையால் செய்ய வேண்டும். விரியப் போகும் இரண்டு பூவையும் முன்கூட்டியே மூடி, விரிந்ததும் ஆண் பூவை ஒடித்துப் பெண் பூவில் தடவி, மறுபடி பெண் பூவை மூடிவிடுங்கள். பூசணி விடியலில் விரியும், சுரையும் பீர்க்கும் சாயங்காலம், புடலை இரவில். ஆண் பூவுக்குப் போட்ட பையையும் பெண் பூவுக்குப் போட்டதையும் தனியே வையுங்கள்.

அதே பையில் விதையைக் காயவைக்கலாமா?

காயவைக்க வேறு பை வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் கலந்தால் கலப்பினம். விதை கலந்தால் வெறும் கலவை. இரண்டுமே அடுத்த பருவம் ஒரே தலைவலியைத்தான் கொடுக்கும்.

பருவம் முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, வெளிச்சம் படாத இடத்தில், எலி கடிக்காத டப்பாவில். விதையோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், அதுவும் கழுவாத பையை. மகரந்தத்தை மாதக்கணக்கில் உயிரோடு வைக்க ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதே வறட்சியும் குளிரும்தான்.

எத்தனை முறை வரை பயன்படுத்தலாம்?

எண்ணிக்கை இல்லை. இரண்டு விரலால் துணியை இழுத்தால் இழை விலகுகிறதா, கசக்கினால் பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பாருங்கள். அப்படி ஆகிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

கலப்பு நடந்ததா என்று எப்போது தெரியும்?

மக்காச்சோளத்தில் அதே கதிரில் தெரிந்துவிடும். வெள்ளை ரகத்தின் கதிரில் ஆங்காங்கே மஞ்சள் மணி இருந்தால் பக்கத்து மஞ்சள் ரகம் நுழைந்திருக்கிறது. மற்றவற்றில் இந்தக் காயைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, விதையை முளைக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் காய்க்கும்வரை வளர்க்கத் தேவையில்லை. உருளைக்கிழங்கு இலைபோல வெட்டில்லாத விளிம்பு கொண்ட தக்காளி ரகத்தில், சாதாரண வெட்டு இலையோடு ஒரு நாற்று வந்தால் அது கலவன். பச்சைக் கீரையின் விதையில் சிவப்பு நாற்று வந்தாலும் அப்படியே. மிளகாயில் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்: வானம் பார்த்துக் காய்க்கும் ரகத்தில் தலைகுனிந்து தொங்கும் காய் வந்தால் கலப்பு. வெள்ளைக் கத்தரியில் ஊதா தலைகாட்டினாலும் சந்தேகப்படலாம். ஆனால் இதற்கு நேரெதிரான ரகத்தில், அதாவது தொங்கும் மிளகாயிலும் ஊதாக் கத்தரியிலும், கலப்பு முதல் தலைமுறையில் முகம் காட்டாமல் ஒளிந்துகொள்ளும். அடுத்த தலைமுறையில்தான் பிரிந்து வரும்.

பை கட்டி எடுத்த விதையில் குறைந்தது இருபது விதையையாவது முளைக்க வைத்துப் பாருங்கள். அதுவரை முந்தைய வருடத்து விதையில் கொஞ்சத்தைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.